நெஞ்சளவுத் தண்ணீர்

பின்புறம் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றதும் சித்ரகலா தலையை நிமிர்த்தினாள்.

காலையிலிருந்து குனிந்த தலை அது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்திருந்தார்கள். மற்றப் பெண்களைப் போலத் தரையில் உட்கார்ந்தால் அவளால் எழுந்திருக்க முடியாது. வருகிறவர்கள் எல்லாம் அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை. "அழுதுரு அம்மிணி, உள்ளயே வெச்சிருந்தா நெஞ்சு வெடிச்சுப்போயிரும்" என்று ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். இப்போது அவள் நிமிர்ந்ததைக் கண்டதும், சரி, உடையப்போகிறாள் என்று நாலைந்து பேர் நெருங்கி வந்தார்கள்.

"மோட்டார ஆருங்க நிறுத்துனது?" என்றாள் சித்ரகலா.

ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. புருஷன் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறார், இவள் மோட்டாரை விசாரிக்கிறாள். பாவம், புத்தி தடுமாறிவிட்டது என்று ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள்.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இறந்துபோன குருசாமிக்கு அவள் கூடப் பிறந்த அக்கா, சித்ரகலாவுக்கு நங்கை முறை. "நாந்தான் நிறுத்தச் சொன்னேன். எழவூட்டுல அது என்னத்துக்குக் கொர்ருனு ஓடிக்கிட்டு? வர்ற சனமெல்லாம் தம்பி மொகத்தப் பாக்கறத உட்டுப்போட்டுப் பின்னால பொடக்காளிக்குப் போயி, புதுசாக் கட்டுன அந்தக் கொளத்த எட்டிப் பாக்குது."

"அது ஓடட்டுங்க நங்கை."

"ஏன் அம்மிணி, இன்னிக்கொரு நாளைக்கு நின்னா என்ன?"

"காத்தால தண்ணியில மருந்து போட்டிருக்காங்க. சாயங்காலம் பொழுதோட வரைக்கும் ஓடோணுங்க."

மகன் தரணீதரன் வாசலிலிருந்து உள்ளே வந்தான். கம்பெனியின் ஏற்றுமதி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறவன். காலையிலிருந்து ஒரு கையில் போனும் ஒரு கையில் துண்டுமாக அலைந்துகொண்டிருந்தான். "அம்மா, இப்பப் போயி அது எதுக்கும்மா" என்று குனிந்து காதோடு சொன்னான். சித்ரகலா கதவோரம் கைகட்டி நின்றிருந்த அந்தோணிராஜைப் பார்த்தாள். சாயப்பட்டறையின் சூப்பர்வைசர் அவன், குருசாமிக்கு வலது கை.

"அந்தோணி, சுவிட்சப் போட்டுடுங்க."

அந்தோணிராஜ் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேரே பின்னால் போனான். சிறிது நேரத்தில் மோட்டார் சத்தம் மறுபடி கேட்டது. சித்ரகலா தலையைக் குனிந்துகொண்டாள்.

குருசாமி யாரென்று சொல்லாமல் இதைச் சொன்னால் அவளைப் பைத்தியம் என்றுதான் நினைக்கத் தோன்றும். திருப்பூரில் சாயத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். கூலிக்குச் சேர்ந்து, மாஸ்டராகி, அப்புறம் சொந்தமாகப் பட்டறை போட்ட ஆள். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றுவது அவருக்குத் தண்ணி பட்ட பாடு. துணியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பினால் போதும், எந்த இடத்தில் சாயம் தப்பியது என்று சொல்லிவிடுவார். அதைச் சொல்லும்போது வாயில் நல்ல வார்த்தை ஒன்றும் வராது. அவரிடம் திட்டு வாங்காத ஆள் பட்டறையில் கிடையாது. அவரை விட்டு வேறு பட்டறைக்குப் போன ஆளும் அநேகமாகக் கிடையாது.

அவருக்கு ஒரு குணம் உண்டு. செய்வதைச் சொல்ல மாட்டார். சொல்லாமலே செய்துவிட்டு, ஏன் செய்தாய் என்று கேட்டால் எரிந்து விழுவார். சித்ரகலாவுக்குக் குழந்தையில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. தெரிந்துதான் கட்டிக்கொண்டார். அவளுடைய அப்பன் எழுதி வைத்த தோட்டத்துக்காகத்தான் கட்டினார் என்று ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தத் தோட்டம் இன்றைக்கும் சித்ரகலா பேரில் அப்படியே இருக்கிறது. கோர்ட் உத்தரவில் ஊர்ப் பட்டறைகளையெல்லாம் இழுத்துப் பூட்டிய கெட்ட காலத்தில்கூட அதன் மேல் அவர் கண் போகவில்லை. அந்தப் பேச்சுக்கு அவர் சொன்ன பதில் அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் சித்ரகலா குளியலறையில் விழுந்தாள். இத்தனை வருஷமும் உடம்பு முழுவதையும் ஒற்றையாகத் தாங்கிய வலது கால் முட்டி தேய்ந்துவிட்டது என்றார் கோயமுத்தூர் டாக்டர். தண்ணீருக்குள் இறங்கி நடந்து பழகினால்தான் இருக்கிற பலமாவது நிற்கும், இல்லாவிட்டால் சக்கர நாற்காலிதான் என்றார். அந்த ஆஸ்பத்திரியிலேயே ஒரு குளம் இருந்தது. பயிற்சி கொடுக்கும் பெண் அவளைக் கைபிடித்து இறக்கி, நெஞ்சளவுத் தண்ணீரில் நிறுத்தி, மெல்லக் கையை விட்டாள். சித்ரகலா நடந்தாள். தடி இல்லை, தோள் இல்லை, சுவர் இல்லை. இரண்டு கையையும் சும்மா வீசிக்கொண்டு, நிமிர்ந்து நடந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்திருந்த குருசாமி எழுந்து நின்றதை அவள் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தாள்.

திரும்பும் வழியில் அவர் அவிநாசியில் காரை நிறுத்திக் காபி வாங்கி வந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

"வலிச்சுதா?"

"இல்லீங்க மாமா."

"ஊம்" என்றார். காபியைக் குடித்து முடித்தார்.

அடுத்த தடவை போக அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஈர உடையும், தெரியாத ஆட்கள் பார்க்க இறங்கி ஏறுவதும் அவளுக்கு ஆகவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை. சரி, விட்டுவிட்டார் என்றே நினைத்தாள். அந்த வாரத்திலேயே ஜேசிபி வந்து பின்புறச் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது.

வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இடம் ஒன்றே ஒன்று. அது கன்னி மூலை. தென்மேற்கில் பள்ளம் பறித்தால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது என்று வாஸ்து பார்க்கிறவர் சொன்னார். பெரியாத்தாளும் அன்றைக்குப் பக்கத்தில்தான் நின்றாள். "எனக்குத்தான ஆகாது? அவளுக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார் குருசாமி. அவளுக்கு ஒன்றுமில்லை என்று வாஸ்துக்காரர் தலையாட்டினார். "அப்பறம் என்னங்க, நீ தோண்டப்பா" என்று ஜேசிபிக்காரனைப் பார்த்துக் கையை வீசினார். தம்பியை அறிந்தவள் பெரியாத்தாள். அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான் என்று முனகிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

குளம் கட்டித்தர கோயமுத்தூரிலிருந்து சிவபிரகாஷ் என்கிறவன் வந்தான். ஒரு பக்கமாவது ஆழம் வைத்தால்தான் பார்க்க லட்சணமாக இருக்கும் என்றான் அவன். "எங்கூட்டுக்காரிக்கு நெஞ்சளவு போதும். ஒரே மட்டமாக் கட்டு" என்றார் குருசாமி. படிகளை மற்றக் குளங்களில் இருப்பதைவிடப் பாதி உயரத்துக்கு வைக்கச் சொன்னார். ஒரு நாள் அவளைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தி, கையைச் சும்மா தொங்கவிடச் சொன்னார். உள்ளங்கை வந்த இடத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கைப்பிடிக் கம்பி அந்த உயரத்தில் வந்தது.

கட்டுவதெல்லாம் நன்றாகத்தான் நடந்தது. தண்ணீரில்தான் சறுக்கினார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அதுபோல அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்திலேயே சறுக்கியது. சாயப்பட்டறைக்காரனுக்குத் தண்ணீரில் ஜென்மப் பகை ஒன்று உண்டென்றால் அது சுண்ணாம்புச் சத்து. அது இருந்தால் சாயம் ஏறாது, துணி திட்டுத் திட்டாகப் போகும். ஆகவே மெஷினைப் போட்டு அதைத் துளிகூட இல்லாமல் வடித்து எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. அப்படி வடித்த தண்ணீரைக் கம்பெனியிலிருந்து லாரி லாரியாகக் கொண்டுவந்து குளத்தை நிரப்பினார். "பாத்தியா, கண்ணாடியாட்டம்" என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். பச்சைப் பிள்ளையைக்கூடக் குளிப்பாட்டலாம் என்றார்.

தண்ணீர் என்னவோ கண்ணாடிதான். ஆனால் நிலையில் நிற்க மாட்டேன் என்றது. சோதித்துப் பார்த்தால் காரம் ஏறியிருந்தது. காரம் ஏறினால் ஆசிட் விட்டுச் சமன் செய்வதுதானே அவர் தொழில்? சாயந்தரம் ஆசிட் ஊற்றி இறக்கிவிட்டுப் படுப்பார். விடிந்து பார்த்தால் பழையபடி ஏறி நிற்கும். அவரும் விடவில்லை, தண்ணீரும் விடவில்லை. சோதனைக் குழாயைச் சட்டைப் பையில் வைத்துக் கம்பெனிக்கே கொண்டுபோய், துணிக்கு நிறம் ஒத்துப்பார்க்கிற விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார் என்று அந்தோணிராஜ் வந்து சொல்லிச் சிரித்தான். ஒரு நாள் குளத்துச் சுவரைத் துடைக்கப்போனவர், ஓடுகளுக்கு நடுவில் விரலை ஓட்டிவிட்டு அப்படியே நின்றார். இடுக்கில் வைத்த பூச்சு மாவாகக் கையோடு வந்தது.

சிவபிரகாஷ் வந்து பார்த்தான். எந்தத் தண்ணீர் என்று கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அண்ணா, தண்ணிக்குப் பசிங்கண்ணா. சுண்ணாம்புச் சத்து ஒண்ணுமே இல்லாத தண்ணி, அந்தச் சத்து எங்க கெடைக்குதோ அங்க போயித் திங்கும். இங்க செவுத்தத் திங்குது. நீங்க ஆசிட் ஊத்த ஊத்த அதுக்கு இன்னும் பசிக்குது."

பெரிய கம்பெனி மேனேஜர்களையே நிற்க வைத்துத் திட்டுகிற மனிதர், இந்தப் பையனை என்ன சொல்லப்போகிறாரோ என்று சித்ரகலா பயந்துபோனாள். குருசாமி கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"தப்பு என்னுதுதான் தம்பி. நாஞ் செஞ்சது அத்தனையும் தப்பு. இப்ப என்ன பண்ணோணும், நீ சொல்லு."

அதோடு விட்டாரா? பார்க்கிறவர்களிடமெல்லாம் தன் கூத்தைத் தானே சொல்லிச் சிரித்தார். கல்யாண வீட்டில் சொன்னார், டீக்கடையில் சொன்னார். தான் சறுக்கியதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லித் திரிந்த மனிதரை சித்ரகலா வேறெங்கும் பார்த்ததில்லை. அவரைக் கட்டி வந்த இத்தனை காலத்தில், அவளுக்கு அவர் மேல் ஆசை பொங்கி வந்த நாட்களில் அவையும் சேர்த்தி.

குளத்தை வடித்து, இடுக்குகளுக்குப் புதிதாகப் பூச்சு வைத்து, மறுபடி நிரப்பினார்கள். இந்தத் தடவை சிவபிரகாஷ் சொன்னது சொன்னபடி. முதலில் சமையல் சோடாவைக் கரைத்து விட வேண்டும். அப்புறம் சுண்ணாம்புச் சத்துள்ள உப்பு. தண்ணீரிலிருந்து எதை எடுக்க ஆயுசு பூராவும் பாடுபட்டாரோ அதையே வாளியில் கரைத்து ஊற்ற வேண்டும். கரைக்கக் கரைக்க வாளி சுட்டது. "எங்கையாலேயே போட வெச்சுட்டானே" என்று சொல்லிக்கொண்டே விளிம்போரம் நடந்து நடந்து ஊற்றினார். ஒன்றைப் போட்டால் அடுத்ததற்கு அவசரப்படக் கூடாது. மோட்டாரை ஓடவிட்டுத் தண்ணீர் கலந்து முடியக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது அவர் ஜாதகத்தில் இல்லாத சமாச்சாரம். ஆனாலும் காத்திருந்தார்.

சோதனை மட்டும் சித்ரகலாவின் வேலையாகிவிட்டது. டிரம் டிரம்மாக ஊற்றிப் பழகிய கை அவருடையது. சொட்டு மருந்து விடச் சொன்னால் பீய்ச்சிவிடுவார். ஆகவே அவள் குளத்தோரம் நாற்காலியில் உட்கார்ந்து, குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு விட்டு, நிறத்தைச் சொல்வாள். அவர் குனிந்து பார்த்து "ஊம்" என்பார். அந்த நாட்களில் இரண்டு பேரும் பேசிக்கொண்டது கொஞ்சம்தான், ஆனால் பொழுது போனதே தெரியவில்லை.

கடைசி மருந்து குளோரின். அதை இன்று விடிந்ததும் அவள் அளந்து கொடுக்க, அவர் போட்டார். அவளைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொன்னபோது குழாயில் மஞ்சள் கிழங்கு அரைத்த மாதிரி அடர்ந்த நிறம். அவள் சமையலறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்து காபி கலந்தாள். அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"மோட்டார் பொழுதோட வரைக்கும் ஓடட்டும். வெயில் பட்டா மஞ்சள் கொறஞ்சு எலுமிச்சங்கா நெறத்துக்கு வந்துரும். நீயே பாத்துட்டு இன்னிக்குப் பொழுதோட எறங்கிரலாம்."

"நீங்களும் எறங்குவீங்களா மாமா?"

"எனக்கு எதுக்கு? இத்தன நாளும் நீ உக்காந்து பாத்தீல்ல? அந்தச் சேர்ல நான் உக்காந்துக்கறன். நீ நட."

சொல்லிவிட்டு நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். வாயுவாட்டம் இருக்கிறது என்றார். நிலையைப் பிடித்தபடியே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தரணீதரன் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு பறந்தான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுப்பில் பால் வைத்த பாத்திரம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

மத்தியானம் கழிந்து சிவபிரகாஷ் வந்தான். மாலையைப் பெட்டி மேல் வைத்துவிட்டு சித்ரகலாவிடம் வந்து குனிந்தான். பின்னால் மோட்டார் ஓடுவது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"இன்னைக்குக் கடைசி மருந்துன்னு நேத்து போன்ல சொன்னாருங்க்கா."

"காத்தால போட்டுட்டாங்க."

"எவ்வளவு போ..." என்று கேட்கத் தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நீங்க சொன்ன அளவுதானுங்க. நாந்தான் அளந்து குடுத்தேன்."

"அப்பப் பொழுதோட சரியாயிருங்க்கா." முழங்கையால் கண்ணைத் துடைத்தான். "எத்தனையோ பேருக்குக் கட்டிக் குடுத்திருக்கேன். தண்ணி கெட்டா எல்லாரும் என்னத்தான் திட்டுவாங்க. தப்பு என்னுதுன்னு சொன்ன ஆளு இவரு ஒருத்தருதான்."

கம்பெனி வேன்கள் வந்துகொண்டே இருந்தன. ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள், மதுரைப் பக்கத்துப் பெண்கள் என்று வரிசையாக வந்து கும்பிட்டுப் போனார்கள். வெயில் சாயத் தொடங்கியதும் பெட்டியிலிருந்து எடுத்து, வாசலில் வைத்துக் குளிப்பாட்டி, கோடித்துணி போர்த்தினார்கள். வாய்க்கரிசி போட்டுவிட்டு சித்ரகலா அவரைச் சுற்றி வர வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, தடியை ஊன்றி ஊன்றி நடந்தாள். கல்யாணத்தில் மணவறையைச் சுற்றும்போதும் இப்படித்தான். பொண்ணு உட்காரட்டும், மாப்பிள்ளை மட்டும் சுற்றி வரட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். குருசாமி கேட்காத மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் ஒவ்வொரு அடியும் எடுத்து வைக்கும் வரைக்கும் நின்று நின்று நடந்தார். நல்ல நேரம் தப்புகிறது என்று அய்யர் பரபரத்தார். குருசாமி அவசரப்படவே இல்லை. இன்றைக்கும் அவர் அவசரப்படவில்லை. மற்றவர்கள்தான் பொழுது போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சுற்றி முடித்து அவள் நாற்காலியில் உட்காரும்போது, பெரியாத்தாள் தரணீதரனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அந்தக் குழிய மூடிப்போடு கண்ணு. கன்னி மூலையில வேண்டாம் வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன். எந்தம்பிய முழுங்கிப்போட்டுத்தான் அது நெறஞ்சுது."

தரணீதரனுக்கும் கண் சிவந்திருந்தது. "கருமாதி முடிஞ்ச கையோட மண்ணடிச்சு மூடிரலாங்க அத்தை" என்றான்.

சொல்லிவிட்டு அம்மாவை ஒரு தடவை பார்த்தான். சித்ரகலா வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பது? புருஷனைத் தூக்குவதற்கு முன்னால், எனக்கு நீச்சல் குளம் வேண்டும் என்று எந்தப் பெண் சொல்வாள்? என் காலுக்காக அவர் கட்டியது என்று சொன்னால், அந்தக் காலுக்காகத்தான் அவர் போய்ச் சேர்ந்தார் என்று ஆகிவிடாதா? கருமாதி முடிந்தால் மண் லாரி வரும். அவள் உள்ளங்கை உயரம் பார்த்து அவர் வைத்த கம்பியும், பாதி உயரத்துப் படியும் மண்ணுக்குள் போகும். அவள் ஒரு தடவைகூட இறங்கியிருக்க மாட்டாள்.

பாடையைத் தூக்கினார்கள். சங்கும் பறையும் தெருமுனை திரும்பும் வரைக்கும் கேட்டன. ஆண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பெண்கள் கூடத்தைக் கழுவிவிட்டார்கள். இனித் தலை முழுக வேண்டும். பின்புறக் குழாயடியில் அண்டாவில் தண்ணீர் பிடித்து, பக்கத்தில் ஒரு நாற்காலியையும் போட்டு வைத்திருந்தார்கள். சித்ரகலாவை அதில் உட்கார வைத்து ஆளுக்கொரு சொம்பு ஊற்றுவதாக ஏற்பாடு. நாத்தனார் என்ற முறையில் முதல் சொம்பு பெரியாத்தாளுடையது.

சித்ரகலா தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். குழாயடியைத் தாண்டி நடந்தாள்.

"அம்மிணி, அக்கட்டால எங்க போற? கொழாய் இங்கல்ல இருக்குது."

அவள் நிற்கவில்லை. குளத்தோரம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சோதனைப் பெட்டி காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. குனிந்து குழாயில் தண்ணீர் பிடித்தாள். மருந்துக் குப்பியைச் சாய்த்தாள். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு சொட்டு விட்டாள். மூடி, குலுக்கி, மேற்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இளம் எலுமிச்சை நிறம்.

பெரியாத்தாள் சொம்போடு பின்னாலேயே வந்து நின்றாள். அவள் முகத்தில் கோபமா பயமா என்று சொல்ல முடியவில்லை. "என்ன பண்ணிக்கிட்டிருக்கற நீயி? அந்தக் குழிகிட்டப் போகாத."

"இன்னிக்குப் பொழுதோட எறங்கிரலாம்னு சொன்னாங்க நங்கை."

"ஆரு சொன்னது?"

"அவிய."

பெரியாத்தாள் சொம்பை மறு கைக்கு மாற்றினாள்.

"காத்தால சொன்னாங்க. அப்பறம் ஒண்ணும் சொல்லுலீங்க. அதுதான் கடைசி" என்றாள் சித்ரகலா. "தல முழுகறதுக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்னங்க."

எழுந்து, தடியை நீட்டினாள். பெரியாத்தாள் ஒரு கையில் சொம்போடு மறு கையால் அதை வாங்கிக்கொண்டாள். ஏன் வாங்கினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. சித்ரகலாவின் உள்ளங்கை கம்பியில் போய்த் தானாக உட்கார்ந்தது. சேலையோடு முதல் படியில் இறங்கினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது. ஒவ்வொரு படியிலும் உடம்பின் பாரத்தில் கொஞ்சத்தைத் தண்ணீர் வாங்கிக்கொண்டது. தரைக்கு வந்தபோது நெஞ்சளவு. வலது முட்டியில் வலி இல்லை. இடது கால் அவள் சொன்ன இடத்தில் போய் ஊன்றியது.

"ஆழமா அம்மிணி?" பெரியாத்தாள் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இல்லீங்க. முச்சூடும் இவ்வளவுதானுங்க."

பெரியாத்தாள் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விளிம்பில் மண்டி போட்டாள். சொம்பில் இருந்த குழாய்த் தண்ணீரைக் கீழே கொட்டினாள். குளத்துத் தண்ணீரை மொண்டாள். "இக்கட்டால வா" என்றாள். சித்ரகலா தலையை நீட்ட, முறைப்படி முதல் சொம்பை ஊற்றினாள். இன்னும் ஒரு சொம்பு மொண்டு ஊற்றினாள். பிறகு அந்தக் கையாலேயே, உச்சந்தலையில் ஒட்டியிருந்த பூவிதழ் ஒன்றை எடுத்துப் போட்டாள்.

சித்ரகலா திரும்பினாள். கம்பியை விட்டாள். சேலை பின்னால் விரிந்து மிதக்க, இரண்டு கையையும் வீசிக்கொண்டு எதிர்க் கரைக்கு நடந்தாள். அவளை யாரும் பிடித்திருக்கவில்லை. குழாயடியில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகச் சொம்புகளோடு வந்து நின்றார்கள். அவள் நடப்பதைப் பார்த்தார்கள். எதிர்க் கரையைத் தொட்டுவிட்டு, அவள் மறுபடி திரும்பி நடந்தாள்.

பெரியாத்தாள் எழுந்து, பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஒருத்தி வந்து தடியைக் கேட்டாள். படியோரம் வைத்துவிடலாம், ஏறும்போது வேண்டுமே என்றாள். பெரியாத்தாள் அதைக் கொடுக்கவில்லை. மடியில் குறுக்கே வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பொழுதாச்சுங்க. ஆம்பளைங்க வந்துருவாங்க. மேல வரச் சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண்.

"நடக்கட்டும் இரு" என்றாள் பெரியாத்தாள்.